ஆஸ்பத்திரி பில்லுக்கு தமிழ்ல ஒரு தாள் வேணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் பாபநாசம் பக்கம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினஞ்சு வருஷமாச்சு. கொள்முதல் சீசன்ல சிட்டா அடங்கல், ஜூன் மாசம் ஸ்கூல் சர்டிஃபிகேட்டு, வருஷம் பூரா ஆதாரு, அதுக்கு அடுத்தபடியா என் கடைக்கு அதிகமா வர்றது ஆஸ்பத்திரி பில்லுதான். தஞ்சாவூர் கும்பகோணம் திருச்சினு போயி வைத்தியம் பாத்துட்டு வந்து க்ளைம் போட ரெண்டு செட்டு எடுக்க வருவாங்க. தாளை மெஷின்ல வைக்கிறப்ப கண்ணுல படத்தான செய்யும். "தம்பி இது என்னன்னு போட்டிருக்கு, இதுக்கு எதுக்கு எட்டாயிரம்"னு கேப்பாங்க, நானும் பாத்துட்டு தெரியலையே அய்யானு சொல்லி அனுப்பிடுவேன். அப்படி எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்னு நெனச்சா இப்ப மனசு சங்கடமா இருக்கு, ஏன்னா போன ஐப்பசியில எங்க அப்பாவுக்கே அது வந்துச்சு.

அடமழையில வயல்ல தண்ணி வடிய விடலாம்னு போனவரு வரப்புல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு, வயசு 74. தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல சேத்தோம், பேரு வேணாம். ஆபரேஷனை நல்லபடியா பண்ணாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், டாக்டரும் பொறுமையா படம் போட்டு காட்டித்தான் சொன்னாரு. பிரச்சினை பூரா டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில் கவுன்டர்லதான்.

என் தம்பி ஒசூர்ல கம்பெனியில வேலை பாக்குறான், அவனோட குரூப் பாலிசியில அப்பா அம்மாவும் இருக்காங்க, 3 லட்சம். அதனால கேஷ்லெஸ், நாம ஒண்ணும் கட்ட வேண்டியிருக்காதுன்னு நெனச்சுகிட்டு நான் பஸ் செலவுக்கு மட்டும் காசு வச்சிருந்தேன். மொத்த பில்லு 2,08,000 ரூபா. இன்சூரன்ஸ்ல ஓகே ஆனது 1,45,170. மிச்சம் 62,830 கட்டுங்கன்னாங்க. ஏம்மா கேஷ்லெஸ்தானேன்னு கேட்டா கவுன்டர்ல இருந்த பொண்ணு, "நான்-பேயபிள், ப்ரொபோர்ஷனேட், கோ-பே அண்ணா, எல்லாம் அந்த லெட்டர்ல இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்க போயிருச்சு. அதுக்கு மேல எப்படி கேக்குறதுன்னே எனக்கு தெரியல, பின்னாடி பத்து பேரு நிக்கிறாங்க. அக்கா வளையலை அடகு வச்சுதான் கட்டிட்டு அப்பாவை கூட்டிகிட்டு வந்தோம். 2025-26 கொள்முதல் சீசன்ல பொது ரக நெல்லு குவின்டால் 2,500, அப்படின்னா 40 கிலோ மூட்டை ஆயிரம் ரூபா, அந்தக் கணக்குக்கு அறுபத்து மூணு மூட்டை நெல்லு. ஆறு மா நெலம் வச்சிருக்குற எங்க வீட்டுக்கு அது ஒரு பெரிய அளவு அய்யா.

வீட்டுக்கு வந்தப்புறம் அந்த மூணு வார்த்தையும் என்னை தூங்க விடல. எங்க சின்னம்மா பொண்ணு ஒருத்தி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா, அவளையும் தம்பியையும் போன்ல வச்சுகிட்டு மூணு ராத்திரி உக்காந்து பில்லை வரி வரியா பாத்தோம். அதுல நான் கத்துகிட்டதை ஜனங்களுக்கு சொல்லணும்னுதான் இந்த லெட்டர்.

முதல்ல ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன், இதுதான் ஆளை சாய்க்கிற வார்த்தை. தம்பியோட பாலிசி பேப்பர்ல 'ரூம் ரென்ட் 1 பர்சன்ட் ஆஃப் எஸ்ஐ'ன்னு ஒரே ஒரு வரி இருந்துச்சு. எஸ்ஐன்னா எங்களுக்கு போலீஸ் ஸ்டேஷன் எஸ்ஐதான் தெரியும், இங்க அது சம் இன்ஷூர்டு, அதாவது காப்பீட்டுத் தொகை. 3 லட்சத்துல 1 சதவீதம் 3,000, அதுதான் ஒரு நாள் ரூமுக்கு எங்களுக்கு உள்ள அளவு. அட்மிஷன் அன்னைக்கு "ஷேரிங்கா சிங்கிளா"ன்னு கேட்டாங்க, அப்பா வலியில துடிக்கிறாரு, சிங்கிள்னு சொன்னேன், 4,500 ரூபா ரூம். அதிகமா ஆனா நாளைக்கு 1,500தான ஆகும், அஞ்சு நாளைக்கு 7,500, கட்டிக்கலாம்னுதான் யாரா இருந்தாலும் நெனைப்பாங்க. ஆனா கணக்கு அப்படி இல்ல. 4,500ல 3,000ன்னா மூணுல ரெண்டு பங்கு, அதனால ரூமை ஒட்டி வர்ற மத்த சார்ஜையும் மூணுல ரெண்டு பங்குதான் தருவாங்க. சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங், டூட்டி டாக்டர் எல்லாம் சேந்து 84,000 ஆயிருந்துச்சு, அதுல மூணுல ஒரு பங்கு 28,000 வெட்டு. ரூம்ல 7,500 போக இது தனி. ஒரு ரூம் கொஞ்சம் பெருசா எடுத்ததுக்கு 35,500 ரூபா. இதை அட்மிஷன் டேபிள்ல ஒரு ஆள் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தா அப்பாவே ஷேரிங் ரூம்ல படுத்துக்குறேன்னு சொல்லியிருப்பாரு.

இதுல இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், நிறைய பேருக்கு தெரியாது. இந்த வெட்டை எல்லாத்துலயும் போட முடியாது. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், உடம்புல வைக்கிற இம்ப்ளான்ட், டெஸ்ட்டு இதுலயெல்லாம் ப்ரொபோர்ஷனேட் வெட்டு போடக் கூடாதுன்னு, இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கிற ஐஆர்டிஏஐங்கிற அமைப்பு 2020லயே சொல்லிருச்சு, ஐசியூ சார்ஜுலயும் கூடாது. எங்களுக்கு அதை சரியாத்தான் பண்ணியிருந்தாங்க, ஆனா என் கடைக்கு வந்த ஒரு அம்மாவோட செட்டில்மென்ட் லெட்டர்ல ஸ்கேனுக்கும் சேத்து வெட்டியிருந்தாங்க, எழுதிப் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். எல்லா பாலிசியிலயும் ரூம் லிமிட் இருக்கும்னும் சொல்ல முடியாது, இப்ப வர்ற நிறைய பாலிசியில இல்ல, அதனால அட்மிஷனுக்கு முன்னாடி அவங்கவங்க பேப்பரை பாத்துக்குறதுதான்.

ரூம் வாடகை நாளைக்கு 5,000 ரூபா தாண்டுனா, ஐசியூ தவிர மத்த ரூமுக்கு 2022 ஜூலை 18லேர்ந்து 5 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு கேள்விப்பட்டுட்டு பில்லுல ஜிஎஸ்டி பாத்து சண்டை போட்டவங்க உண்டு, அவங்க சொல்றதும் ஆஸ்பத்திரி சொல்றதும் அவங்கவங்க அளவுல சரிதான்.

அடுத்தது நான்-பேயபிள். கவுன்டர்ல இதையே நான்-மெடிக்கல்னும் சொல்றாங்க, கன்ஸ்யூமபிள்ஸ்னும் சொல்றாங்க, மூணும் ஒண்ணுன்னு நெனச்சு நானே ரொம்ப நாள் குழம்பிட்டேன். கன்ஸ்யூமபிள்ஸ்னா ஒரு தடவை உபயோகப்படுத்தி தூக்கி எறியிற சாமான், ஊசி, சிரிஞ்சு, ட்ரிப் ட்யூபு, கிளவுஸ். அதுல சிலதுக்கு இன்சூரன்ஸ் தரும், சிலதுக்கு தராது. தராததுக்குதான் நான்-பேயபிள்னு பேரு. இதுக்கு ஐஆர்டிஏஐ நாலு லிஸ்ட் வச்சிருக்கு. முதல் லிஸ்ட்ல 68 அயிட்டம், அது பெரும்பாலும் நம்ம கையிலேர்ந்துதான் கட்டணும், கிளவுஸ், மாஸ்க், டயப்பரு, ஈசிஜி எடுக்க ஒட்டுற எலக்ட்ரோடு, வாக்கர் மாதிரி நடக்க வைக்கிற சாமான், இடுப்பு பெல்ட்டு, கூட இருக்குறவங்க சாப்பாடு, சர்சார்ஜ் இப்படி. அந்த லிஸ்ட்லயே ஒரு வரி இருக்கு பாருங்க, விவரம் எழுதாத எந்த 'கிட்'டுக்கும் காசு தர மாட்டாங்க. எங்க பில்லுல 'ஆர்த்தோ கிட்'னு ஒரு வரி, உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு சொல்லு இல்ல, மொத்தமா வெட்டிட்டாங்க. உள்ள இருந்த சாமானை பிரிச்சு எழுதியிருந்தா அதுல கொஞ்சமாவது பாஸ் ஆயிருக்குமேன்னு நர்ஸா இருக்குற அந்த சின்னம்மா பொண்ணு, என் தங்கச்சி, சொல்றா. அதனால கிட், பேக், செட், மிசலேனியஸ் இந்த மாதிரி வார்த்தை பில்லுல இருந்தா டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பிரேக்-அப் குடுங்கன்னு கேளுங்க. பிரேக்-அப்னா ஒண்ணொண்ணா பிரிச்சுப் போட்ட பில்லு, அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும் கவுன்டர்ல மரியாதையே வேற மாதிரி இருக்கு.

மிச்ச மூணு லிஸ்ட்டும் வேற கதை. அதுல இருக்குறதெல்லாம் தனியா போடக்கூடாத அயிட்டம், ரூம் வாடகைக்குள்ள, ஆபரேஷன் சார்ஜுக்குள்ள, இல்லாட்டி வைத்தியச் செலவுக்குள்ள அடங்கணும். அட்மிஷன் கிட், கையில கட்டுற பேரு பட்டை, டாக்குமென்டேஷன் சார்ஜ், ஃபைல் ஓபனிங், ஹவுஸ்கீப்பிங், போர்வை, விசிட்டர் பாஸ் இதெல்லாம் ரூம் வாடகையில அடங்குறது. பஞ்சு, காஸ் துணி, பிளேடு ஆபரேஷன்ல அடங்குறது. அட்மிஷன் ரிஜிஸ்ட்ரேஷன், ஸ்பிரிட்டு, யூரின் பேகு வைத்தியச் செலவுல அடங்குறது. ஆனா எங்க பில்லுல ரிஜிஸ்ட்ரேஷனும் டாக்குமென்டேஷனும் அட்மிஷன் கிட்டும் தனித்தனியா இருந்துச்சு, மிசலேனியஸோட சேந்து 6,000 ரூபா. இன்சூரன்ஸ் கம்பெனி இது ரூமுக்குள்ள, வைத்தியச் செலவுக்குள்ள அடங்குறதுன்னு வெட்டிருச்சு, ஆஸ்பத்திரி நம்மகிட்ட கேட்டு வாங்கிருச்சு. ஐஆர்டிஏஐ ரூல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான், ஆஸ்பத்திரியை அது கேள்வி கேக்க முடியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல விழறது நோயாளி குடும்பம். இதை யாரு சரி பண்ணுறதுன்னு கலெக்டரும் சுகாதாரத் துறை அதிகாரிங்களும்தான் பாக்கணும், உங்க பேப்பர்ல வந்தா பாப்பாங்கன்னு நம்புறேன்.

கோ-பே சுலபம்தான். வெட்டெல்லாம் போக மிஞ்சுனதுல இவ்வளவு சதவீதம் நீ போடு மிச்சம் நான் போடுறேன்னு இன்சூரன்ஸ் சொல்றது. தம்பி கம்பெனியில அப்பா அம்மாவுக்குன்னா 10 சதவீதம். கிளவுஸ் மாஸ்க் அந்த கிட் எல்லாம் சேந்து மருந்து பில்லுல 5,200 போச்சு, முன்னாடி சொன்ன 6,000, 35,500, எல்லாம் போக 1,61,300 நின்னுச்சு, அதுல பத்துல ஒண்ணு 16,130. இப்ப கூட்டிப் பாருங்க, அந்த 62,830 அப்படியே வருது. ரூபா பைசா சுத்தமா கணக்கு இருக்கு, யாரும் ஏமாத்தல, ஆனா மூணு ராத்திரி உக்காந்தாத்தான் புரியிது. இதை எனக்கு யாராவது அன்னைக்கே சொல்லியிருந்தா கட்டுறப்ப வயிறு எரிஞ்சிருக்காது.

பில்லுல இன்னும் சில சுருக்கெழுத்து சொல்றேன். ஓடின்னா ஆபரேஷன் தியேட்டர், எங்க பக்கத்து வீட்டு அண்ணன் அதை ஓவர்டைம்னு நெனச்சு டாக்டருக்கு ஓவர்டைம் நான் ஏன் தரணும்னு கேட்டுட்டாரு, பாவம், மில்லுல வேலை பாத்தவரு அவருக்கு அதுதான தெரியும். பிஎம்டபிள்யூன்னா பயோ மெடிக்கல் வேஸ்ட், ஆஸ்பத்திரி கழிவு அள்ளுறதுக்கு. சிஎஸ்எஸ்டின்னா கத்தி கத்தரியெல்லாம் கிருமி நீக்குற பிரிவு. எம்ஆர்டின்னா ரெக்கார்டு வைக்கிற ரூமு. டிஎம்ஓன்னா வார்டுல இருக்குற டூட்டி டாக்டர், பெரிய டாக்டர் விசிட்டுக்கு இது தனி. லேப்னு வர்றதுலதான் பெரிய குழப்பம், ரத்தம் யூரின் டெஸ்ட் பண்ணுற லேபும் லேப்தான், துளை போட்டு பண்ணுற லேப்ராஸ்கோப்பியையும் சுருக்கி லேப்னுதான் போடுவாங்க. பித்தப்பை ஆபரேஷன் பண்ணிட்டு வந்த ஒரு தங்கச்சி, டெஸ்டுக்கு இவ்வளவு போட்டுட்டாங்கன்னு அழுதுச்சு, பாத்தா அது 'லேப் கோலி', பித்தப்பை எடுக்குற ஆபரேஷனேதான். ஆஞ்சியோன்னு சொல்றதும் அப்படித்தான், ஆஞ்சியோகிராம்னா அடைப்பு இருக்கான்னு பாக்குற படம், ஆஞ்சியோபிளாஸ்டின்னா அடைப்பு இருக்குற எடத்தை விரிச்சு ஸ்டென்ட் வைக்கிறது, நம்ம ஜனங்க ரெண்டையும் ஆஞ்சியோன்னுதான் சொல்றோம், க்ளைம் ஃபாரத்துல மாத்தி எழுதுனா அதுக்கே கொயரி போட்டு திருப்பி அனுப்புவாங்க. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலேர்ந்து அரசாங்கம் உச்ச விலை வச்சிருக்கு, பில்லுல அதோட கம்பெனி பேரு, பேட்ச் நம்பரு, விலை தனியா இருக்கணும், பேக்கேஜுன்னு மொத்தமா போட்டு முடிக்கக் கூடாது. எங்க அப்பாவுக்கு வச்ச இம்ப்ளான்ட்டுக்கு பேரு பைபோலார். எங்க சித்தப்பா அந்த வார்த்தையை கேட்டுட்டு மனநோய்க்கு ஏன் காசு போட்டாங்கன்னு பயந்துட்டாரு. அது இடுப்பு மூட்டுல வைக்கிற பந்து மாதிரியான சாமான். அந்த பெட்டியில இருக்குற ஸ்டிக்கரை மறக்காம கேட்டு வாங்கிக்கணும், அது இல்லாம க்ளைம் நிக்கிது.

பார்மசி ரிட்டர்ன் பத்தி ஒரு வார்த்தை. தியேட்டருக்குன்னு மொத்தமா மருந்து சாமான் வாங்கி வைப்பாங்க, உபயோகப்படுத்தாததை திருப்பிக் குடுத்தா அது பில்லுல மைனஸ்ல வரணும். நர்ஸ் தங்கச்சி அன்னைக்கு போன்ல "அண்ணே, இன்டரிம் பில்லுல ரிட்டர்ன் எழுதியிருக்காங்களா பாத்தியா"ன்னு கேட்டா, நான் போயி கேட்டேன், விட்டுப் போச்சுன்னு உடனே 2,140 ரூபா கொறச்சாங்க. இன்டரிம் பில்னா நடுவுல குடுக்குற கணக்கு, தினமும் கேட்டு வாங்கலாம், கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம். ஒண்ணொண்ணா பிரிச்ச பில்லு கேக்குறது நம்ம உரிமைதான், தேசிய மனித உரிமை ஆணையம் தயார் பண்ண நோயாளி உரிமை சாசனத்துலயே அது இருக்கு. கேஸ் ஷீட்டு நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு 2002லேர்ந்தே டாக்டர்களுக்கு விதி இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இன்சூரன்ஸ்லேர்ந்து ஓகே வர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகக் கூடாதுன்னு 2024ல உத்தரவு வந்திருக்கு, எங்களுக்கு காலையில பதினொண்ணுக்கு போட்டது சாயந்தரம் ஏழுக்குத்தான் வந்துச்சு, எனக்கு அப்ப இது தெரியாது.

வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்குறவங்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து வச்சுக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். 1800 425 3993ல கேட்டா எந்த ஆஸ்பத்திரியில எந்த வைத்தியத்துக்கு செல்லும்னு சொல்லுவாங்க, அட்மிட் ஆனப்புறம் தேடாம முன்னாடியே கேளுங்க.

அய்யா, இதை உங்க பேப்பருக்கு எழுத ஒரு காரணம் இருக்கு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு சொன்னா எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத கெழவிக்குக் கூட அர்த்தம் தெரியும். மூட்டைக்கு எத்தனை கிலோ, சன்ன ரகத்துக்கு எவ்வளவு பொது ரகத்துக்கு எவ்வளவு, கருக்கா எவ்வளவு இருந்தா தள்ளுவாங்க, எல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லும். யாரு சொல்லிக் குடுத்தா? வருஷா வருஷம் சம்பா அறுப்பு நேரத்துல நீங்க பேப்பர்ல எழுதி, அதை டீக்கடையில சத்தமா படிச்சு, அப்படித்தான் வந்துச்சு. தெரிஞ்சதால எங்க ஆளுங்க அங்க நின்னு கேள்வி கேக்குறாங்க. ஆஸ்பத்திரி கவுன்டர்ல அதே ஆளுங்க தலையை குனிஞ்சுகிட்டு காசை நீட்டுறாங்க. வாரம் ஒரு நாள் மாவட்டப் பக்கத்துல ஒரு சின்ன கட்டம் போட்டு ரெண்டு ரெண்டு வார்த்தையா விளக்குங்க, ஒரு வருஷத்துல நூறு வார்த்தை ஆயிரும்.

ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்குறேன். ஆபரேஷனுக்கு கையெழுத்து வாங்குற சம்மதப் படிவத்தை எங்களுக்கு தமிழ்லதான் குடுத்தீங்க, நல்ல தமிழ்ல இருந்துச்சு, படிச்சுதான் கையெழுத்து போட்டேன். அதே மாதிரி அட்மிஷன் அன்னைக்கே ஒரு தாள் குடுங்க, உங்க பாலிசிக்கு இந்த ரூம்தான் செல்லும், இதுக்கு மேல எடுத்தா இவ்வளவு வெட்டு வரும், இந்தந்த சாமானுக்கு நீங்கதான் கட்டணும்னு. ஒரு பக்கம் போதும். அச்சடிக்க முடியலைன்னா எங்க மாதிரி கடைக்காரங்ககிட்ட குடுங்க, எங்க பக்கத்து ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் முதல் ஆயிரம் காப்பி நான் காசு வாங்காம போட்டுத் தர்றேன்.

அப்பா இப்ப வாக்கர் புடிச்சுகிட்டு திண்ணை வரைக்கும் வர்றாரு. நானும் தங்கச்சியும் சேந்து நாப்பத்தி ரெண்டு வார்த்தைக்கு தமிழ்ல அர்த்தம் எழுதி கடையில மெஷினுக்கு மேல ஒட்டி வச்சிருக்கோம், பில்லோட வர்றவங்க அதைப் பாத்துட்டு அவங்களே கோடு போட்டுக்குறாங்க. இந்த லெட்டரோட அதுக்கும் ஒரு காப்பி வச்சிருக்கேன். டாக்டரு நர்சு இன்சூரன்ஸ்ல வேலை பாக்குறவங்க யாராவது பாத்து தப்பு இருந்தா திருத்திக் குடுத்தா, திருத்துனதையே போடுங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்